கேட்கிறது, ஆனால் பேச முடியவில்லை: ராமநாதபுரம் கரையில் வயர்லெஸ் மாற்றிய அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரையில் வயர்லெஸ் வேலை பார்க்கிறவனிடம் வருகிற புகாரில் பெரும்பகுதி ஒரே வாக்கியம்தான். “கன்ட்ரோல் ரூம் பேசுறது எனக்கு நல்லா கேக்குது தம்பி, நான் பேசுறதுதான் அங்க போக மாட்டேங்குது.” தொண்டி பக்கம் ரோந்து போகிற ஏட்டையா இதைத்தான் சொல்வார். ஏர்வாடிக்குக் கிழக்கே நிற்கிற ஊர்க்காவல் படைக்காரரும் சொல்வார், தனுஷ்கோடி மணலில் பணியில் இருக்கிற காவலரும் சொல்வார். செட் போய்விட்டது, புதுசு கொடுங்கள் என்று கேட்பார்கள். வாங்கி மேசையில் வைத்து அளந்தால் ஐந்து வாட் சுத்தமாக வரும். செட்டில் ஒரு குறையும் இருக்காது.

விஷயம் எளிது. டவரில் இருக்கும் ரிப்பீட்டர், அதாவது ஒரு செட்டின் குரலை வாங்கி மற்ற செட்டுகளுக்குத் திரும்ப அனுப்பும் பெட்டி, ஐம்பது வாட்டில் பேசுகிறது. கையில் இருக்கும் வாக்கி டாக்கி ஐந்து வாட்டில் பேசுகிறது. டவர் ஆன்டெனா வானத்தில் நிற்கிறது, வாக்கியின் ஆன்டெனா இடுப்பு பெல்ட்டில், உடம்போடு ஒட்டி, ஒரு விரல் நீளத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் குரல் இறங்கிவிடும், கீழிருந்து போகும் குரல் ஏறாது. ஒரு பகுதிக்குக் கவரேஜ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கேட்கிறதா பேச முடிகிறதா என்றுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கோடிக்கணக்கில் செலவு செய்துவிடலாம். செய்திருக்கிறார்கள்.

பழைய அனலாக் வலையமைப்பை டிஜிட்டலுக்கு மாற்றும் ஒரு வேலையில் ஒப்பந்தக்காரர் பக்கம் கள டெக்னீஷியனாக இருந்தேன். எந்தத் துறை, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதற்கு முன்பும் பின்பும் எனக்குச் சோறு போட்டது விசைப்படகு, நாட்டுப்படகு செட்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. இந்த இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன். கரையில் இருக்கிறவர்களுக்கும் கடலில் இருக்கிறவர்களுக்கும் வயர்லெஸ் என்றால் வேறு வேறு பொருள்.

முதலில் நம் நிலத்தைப் பற்றி. மாவட்டத்துக்கு ஏறக்குறைய 237 கிலோமீட்டர் கடற்கரை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ராமேஸ்வரம் தீவு. எல்லாம் தட்டை. வேறு மாவட்டங்களில் மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டரை வைத்துவிட்டுக் கீழே உள்ள ஊரையெல்லாம் பிடித்துவிடுவார்கள். மலை இலவசமாகக் கொடுக்கும் அந்த உயரத்தை நாம் இரும்பில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

எவ்வளவு உயரம் வாங்கினால் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு முனைக்கும் போட்டுக் கூட்ட வேண்டும். 30 மீட்டர் டவருக்கு 22 கி.மீ. சொச்சம், நாலு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டிய படகுக்கு 8, ஆக 30 கி.மீ. போல. டவரை இரட்டிப்பாக்கி 60 மீட்டர் ஆக்கினால் 40 கி.மீ. இரண்டு மடங்கு இரும்பு போட்டும் கூடுதலாகக் கிடைப்பது பத்து கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. உயரம் ஏற ஏற டவரின் அடித்தளமும் கால்களும் பெருத்துக்கொண்டே போகும் என்பதால் விலை இரண்டு மடங்கோடு நிற்காது. ராமேஸ்வரத்தில் இருக்கும் தூர்தர்ஷன் டவர் 323 மீட்டர், நாட்டிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம். அதன் உச்சியில் கட்டினாலும் இந்தக் கணக்கில் படகோடு பேச 82 கி.மீ. தான். அதுவும் படகுக்காரர் நாலு மீட்டர் குழாய் நட்டிருந்தால். வத்தை என்கிற சின்னப் படகில் உட்கார்ந்து கையில் வாக்கியைப் பிடித்திருப்பவருக்கு அந்த எட்டு ஐந்தாகிவிடும்.

இது தொடுவானக் கணக்கு மட்டும். பனங்காடும் சீமைக்கருவேலமும் ஓட்டு வீடும் பிடிக்கும் வரியை இன்னும் கழிக்கவில்லை. பெல்ட்டில் மாட்டிய நிலையில் பேசினால் உடம்பே பத்து டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். பத்து டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு. ஐந்து வாட் வாக்கி அரை வாட் வாக்கி ஆகிறது. அதனால்தான் என் கணக்கில் நாற்பது மீட்டர் டவருக்கு வாக்கியிலிருந்து நம்பிப் பேசக்கூடிய தூரம் பத்து, பன்னிரண்டு கி.மீ. என்று மட்டும் வைத்துக்கொள்வேன். கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் வண்ணப் படத்தில் இது முப்பது கி.மீ. ஆக இருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஓரத்தில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டவரிலிருந்து வண்டிக்கு என்று இருக்கும்.

சரி, ஒவ்வொரு இருபது கிலோமீட்டருக்கும் ஒரு டவர் என்றால் கரை முழுக்க ஒரு டஜன் வேண்டும். ஒவ்வொரு டவரின் வட்டத்திலும் பாதி கடலில் விழுகிறது. மதுரை நகரத்தில் ஒரு டவர் வைத்தால் அதை நூற்றுக்கணக்கான செட்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும். வாலிநோக்கத்தில் வைத்தால் நாலைந்து வண்டியும் சில வாக்கிகளும்தான். டவருக்கும் பேட்டரிக்கும் இரண்டு ஊரிலும் ஒரே விலை. தலைக்கு இவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்க்கிற அதிகாரி வாலிநோக்கத்தை முதலில் அடித்துவிடுவார். கிராமத்து வயர்லெஸ் எங்கேயும் தடுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்காவில் 2013 ஜனவரி 1-க்குள் போலீஸ், தீயணைப்பு போன்ற பொதுப் பாதுகாப்பு ரேடியோக்கள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலிருந்து 12.5-க்குக் குறுக வேண்டும் என்று விதித்தபோது, அங்குள்ள சிறு கவுன்டிகளும் இதே வகுத்தல் கணக்கில்தான் மாட்டிக்கொண்டன.

டெண்டரில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: மாவட்டப் பரப்பில் 95 சதவீதம் கவரேஜ். கேட்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,100 சதுர கி.மீ. அதில் ஐந்து சதவீதம் 205 சதுர கி.மீ. கரையை ஒட்டி ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டினால் அது 237 சதுர கி.மீ. பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை எல்லாவற்றையும் நன்றாகப் பிடித்துவிட்டுக் கடற்கரை நாடாவைக் கிட்டத்தட்ட முழுசாக விட்டுவிட்டாலும் ஒப்பந்தக்காரர் 95-ஐத் தொட்டுவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை, கையெழுத்தும் ஆகிவிடும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்பவனுக்கு மட்டும் பேச முடியாது. இதைத் தடுக்க ஒரே வழி, டெண்டரிலேயே ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுவது. அரிச்சல்முனை, குந்துகால், ஓலைக்குடா, தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, கீழக்கரை ஜெட்டி, மூக்கையூர் என்று இடத்தைச் சொல்லி, அங்கே பெல்ட்டில் மாட்டிய வாக்கியிலிருந்து பேசினால் கன்ட்ரோல் ரூமில் பெரும்பாலும் திரும்பச் சொல்லச் சொல்லாமல் புரிய வேண்டும் என்று. அந்தப் புரிதலுக்கே ஒரு அளவுகோல் உண்டு, டி.ஏ.க்யூ. என்பார்கள். 3.4 என்றால் எப்போதாவது ஒருமுறை மட்டும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதைக் குறிப்பிட்டு எழுதினால் பிறகு வாய்ச்சண்டை இருக்காது.

டிஜிட்டலுக்கு ஏன் போக வேண்டும் என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய செட்டுகளுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை என்பது முதல் காரணம். டி.எம்.ஆர். என்கிற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலில் இரண்டு நேரத்துண்டு போட்டு இரண்டு பேச்சு ஓட்டலாம். ஒரு ரிப்பீட்டர் பெட்டி இரண்டு ரிப்பீட்டர் வேலை பார்க்கும். பேசுகிறவரின் எண் திரையில் வரும், ஜி.பி.எஸ். இருந்தால் இடமும் வரும். வயர்லெஸ் பேச்சைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனரை ஊரெல்லாம் வைத்துக் கேட்கிற காலத்தில் மறைகுறியாக்கமும் தேவை. இதெல்லாம் சரி.

கரையில் அதற்குக் கொடுக்கும் விலை வேறு. அனலாக்கில் தூரம் போகப் போக இரைச்சல் ஏறும், பழகின காது அந்த இரைச்சலுக்குள்ளிருந்தும் “படகு... கவுந்து... ரெண்டு பேரு” என்று பொறுக்கி எடுத்துவிடும். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருக்கும், ஒரு எல்லையைத் தாண்டினதும் சட்டென்று ஒன்றும் இருக்காது. நடுவில் கொஞ்ச தூரம் ரோபோ முனகுவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பழைய ஏட்டுகள் இரைச்சலைக் கேட்டே, “லிமிட்டுக்கு வந்துட்டோம், கொஞ்சம் மேட்டுல ஏறி நில்லு” என்று இளையவர்களுக்குச் சொல்வார்கள். புது செட்டில் அந்த எச்சரிக்கை இல்லை. அதனால் நாங்கள் சோதனை ஓட்டத்தில் தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே சாயல்குடி வரை போய், எந்தெந்த மைல்கல்லில் குரல் அறுகிறது என்று குறித்து ஒரு பட்டியல் எடுத்தோம். வண்டிக் கூரை ஆன்டெனாவில் ஒரு பட்டியல், இறங்கி நின்று வாக்கியில் ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இந்த ரெண்டாவது பேப்பரை யாரும் எங்கிட்ட காட்டினதே இல்லையே” என்றார். பொதுவாக யாரும் எடுப்பதில்லை சார் என்றேன். வண்டியை விட்டு இறங்க வேண்டுமே.

அந்த இரண்டாவது பட்டியல்தான் செலவைக் குறைத்தது. புது டவர் கேட்ட இடங்கள் சிலவற்றில் டவரே தேவைப்படவில்லை. குரல் இறங்குகிறது, ஏறவில்லை என்பதுதானே பிரச்சினை. அப்படியானால் கேட்க மட்டும் செய்கிற ஒரு ரிசீவரை அந்தப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஒரு குழாய் நட்டு வைத்து, அது கேட்டதை இணைப்பு வழியாக மையத்துக்கு அனுப்பினால் போதும். எந்த ரிசீவர் தெளிவாகக் கேட்டதோ அதை மையத்தில் உள்ள பெட்டி தானே தேர்ந்துகொள்ளும். வோட்டிங் ரிசீவர் என்று பெயர். டவர் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். காவல் சாவடிகளுக்கு அதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது: வாக்கியை எடுத்துவிட்டு இருபத்தைந்து வாட் செட் ஒன்றை மேசையில் வைத்து, ஆறு மீட்டர் குழாயில் ஆன்டெனா கட்டிவிட வேண்டியது. வாக்கியே வேண்டும் என்கிறவர்களுக்கு அந்தக் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நீள ஆன்டெனா. இந்த வாக்கிகள் பேசும் வி.எச்.எஃப். (150 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அலைக்கு கால் அலைநீளம் அரை மீட்டர் வரும். இடுப்பில் குத்துகிறது என்று முணுமுணுப்பார்கள், பேச்சு போகும்போது வாயை மூடிக்கொள்வார்கள்.

விலைப்புள்ளியில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதைச் சொல்ல வேண்டும். வாக்கி, வண்டி செட், ரிப்பீட்டர், இவை பளிச்சென்று முதல் பக்கத்தில் இருக்கும், ஜி.எஸ்.டி.யோடு. கடைசியில் செலவைத் தின்பது முதல் பக்கத்தில் இல்லாதவைதான். டவர் வைக்கும் இடத்துக்கு மத்திய அரசின் சாக்ஃபா குழுவிடம் அனுமதி வேண்டும். கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் உச்சிப்புளியில் இருக்கிறது. அந்தப் பக்கம் உயரமாக எதையும் எழுப்ப நினைக்கிறவர்கள் முதலில் அதை யோசிக்க வேண்டும். அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. “அப்பா தீவுல ஒரு கம்பம் நட்டா போதுமே” என்று வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்வது சுலபம், வனத்துறையிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். டவருக்கும் டவருக்கும் நடுவே இணைப்பு ஓட வேண்டும், அதற்கு மைக்ரோவேவ் அல்லது ஃபைபர் வாடகை மாதாமாதம். செட்டில் சேனல் ஏற்றும் மென்பொருளும் கேபிளும் தனி விலை. சில வசதிகள் பெட்டிக்குள்ளேயே இருக்கும், திறக்கச் சாவி எண்ணுக்குத் தனியாகக் காசு. இதையெல்லாம் ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.

அப்புறம் உப்பு. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபத்தில் ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மறுவாரம் வந்து பாருங்கள். டவர் மேலே இருக்கும் கனெக்டரில் நுழைகிற ஈரம் கேபிளின் பின்னல் கம்பி வழியாகவே கீழே இறங்கும். நல்ல கேபிள் போட்டு, ஓரத்தைச் சரியாக மூடாமல் விட்டால் காசு முழுக்க வீண். நான் செய்வது இது: கனெக்டரை முறுக்கி இறுக்கியதும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவேன். அதன் மேல் சாதாரண பி.வி.சி. டேப், கீழிருந்து மேலாக, ஓட்டு வீட்டில் ஓடு வேய்கிற மாதிரி. வெயில் ரப்பரைத் தின்னாமல் அது காக்கும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கிளாம்பும் போல்ட்டும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 கொடுத்தால் இரண்டு மழைக்குள் பழுப்புப் புள்ளி வந்துவிடும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார்.

கேபிள் ரகமும் இதே கதை. மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் வி.எச்.எஃப்.பில் நூறு மீட்டருக்குச் சுமார் இருபது டெசிபல் விழுங்கும். நாற்பது மீட்டர் டவருக்கு அதைப் போட்டால் எட்டு டெசிபல். கீழே இருபத்தைந்து வாட் போட்டால் மேலே நாலு வாட் போய்ச் சேரும். அரை அங்குல ஃபோம் கேபிளில் அதே இருபத்தைந்தில் பத்தொன்பது வாட் போல மேலே போகும். கேட்பதிலும் இதே இழப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். வாக்கியிலிருந்து நலிந்து வரும் குரலை இந்தக் கேபிள்தான் கடைசியாகக் கொல்கிறது. இதில் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கும். தண்ணீர் புகுந்த கேபிளில் அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கீழிருந்து வைத்தால் 1.2 என்று அழகாகக் காட்டும். திரும்பி வர வேண்டிய அலையைக் கேபிளே தின்றுவிடுவதால் ஆன்டெனா நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. ஏறிப் போய் ஆன்டெனா முனையில் அளக்காத எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை. இடிதாங்கிக்குப் போட்ட செம்புப் பட்டையை இரவில் வெட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதையும் ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு ஒரு எளிய கணக்கு. ரிப்பீட்டர் சும்மா இருக்கும்போது ஒரு ஆம்பியர், பேசும்போது பத்து ஆம்பியர் என்று வைப்போம். நாளில் ஆறு மணி நேரம் பேச்சு ஓடினால் அதற்கு அறுபது, மீதி நேரத்துக்குப் பதினெட்டு. ஆக எண்பது ஆம்பியர் மணிக்குப் பக்கம். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடக் கூடாது என்பதால் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி ஒரு நாளைக்குள் கை விரித்துவிடும். புயல் நேரத்தில் பேச்சு கூடும், கரன்ட் இருக்காது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டா கிராமங்களில் மின்சாரம் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பது அங்கே சொந்தக்காரர் உள்ளவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் தாங்க வேண்டும் என்றால் ஐந்நூறு ஏ.எச். பக்கம் போட்டு, கூட சோலார் வேண்டும். இதில் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. திட்டத்தில் பெட்டி வாங்கக் காசு வரும். நாலைந்து வருடம் கழித்துப் பேட்டரி மாற்ற எந்தத் தலைப்பிலும் காசு இருக்காது. பெட்டியோடு சேர்த்து பத்து வருடத்துக்கான பேட்டரி, கேபிள், பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால், புது டவர் ஆறாவது வருடத்தில் கொடிக்கம்பம்தான்.

“செல்போன்லயே வாக்கி மாதிரி பேசலாமே சார், இவ்வளவு செலவு எதுக்கு?” என்று கூட்டங்களில் ஒருவராவது கேட்பார். சிம் கார்டு போட்டு, பொத்தானை அமுக்கிப் பேசுகிற கருவிகள் வந்துவிட்டன. விலை குறைவு, டவர் நம் தலையில் இல்லை, சென்னையிலிருந்தும் பேசலாம். ராமநாதபுரம் டவுனில் பந்தோபஸ்துக்கு, ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கூட்டத்தைப் பார்க்க, இது போதும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதே கூட்ட நாளில் எல்லோரும் வீடியோ கால் போட ஆரம்பித்தால் நெட்வொர்க் திணறும் என்பதையும் பார்த்திருக்கிறேன். தனுஷ்கோடியில் போனை எடுத்தால் இலங்கை உங்களை வரவேற்கிறது என்று செய்தி வருவது சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை. பாதுகாப்புப் பணியில் இருக்கிறவரின் கருவி அப்படி அக்கரை டவரைப் பிடித்து நின்றால் வேடிக்கை இல்லை. ரோமிங்கை அணைத்து வைத்தால் பிடிக்கவே பிடிக்காது. என் முடிவு: சிம் கருவியை இரண்டாவது கையாக வைத்துக்கொள்ளலாம், முதல் கையாக வைக்கக் கூடாது.

அக்கரையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. வெயில் காலத்தில் கடல் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது வி.எச்.எஃப். அலைகள் அந்த அடுக்குக்குள் வழுக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள்தான்; பண்பலையில் இன்றும் சில இரவுகளில் கொழும்பு தெளிவாகக் கேட்கும். அதே வழியில் எங்கோ இருக்கும் இன்னொருவரின் வயர்லெஸ் பேச்சும் நம் ரிப்பீட்டருக்குள் வந்து உட்காரும். நம் செட்டுகளை மட்டும் அடையாளம் காட்டும் டோன் போட்டால் அந்தக் குரல் நம் காதுக்கு வராது, ஆனால் ரிசீவரை அது அடைத்துக்கொண்டுதான் இருக்கும். வாக்கியில் பேசுகிற நம் ஆள் உள்ளே நுழைய முடியாது. ஏப்ரல், மே மாதத்து ராத்திரிகளில் செட் திடீரென்று செத்ததுபோல் இருந்தால் பெட்டியைப் பிரிக்காதீர்கள், விடிந்த பிறகு பாருங்கள். அலைவரிசை கேட்கும்போதே, கரை மாவட்டங்களில் யார் யார் அதே எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்து வாங்குவது நல்லது.

இனி கடல். டிஜிட்டலுக்கு மாறும் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது மீனவர்தான். படகில் இருப்பது அனலாக் எஃப்.எம். கடல் வி.எச்.எஃப். செட். அபாய அழைப்புக்குச் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க அதுதான். கரையில் உள்ள துறை மறைகுறியாக்கம் போட்ட டிஜிட்டலுக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்க முடியாது. பழைய காலத்தில் ரோந்துப் படகில் இருப்பவர் தன் செட்டிலேயே திருப்பிப் பிடித்து, மீனவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். வி.எச்.எஃப். டிஜிட்டல் செட்டாக இருந்தால் முறையான அனுமதியோடு அனலாக் சேனலும் ஏற்றிக்கொள்ள வழி உண்டு. விலை மலிவு என்று வேறு அலைவரிசையில், அதாவது யூ.எச்.எஃப்.பில் ஓடும் செட் வாங்கிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். ஒவ்வொரு கடலோரச் சாவடியிலும், கன்ட்ரோல் ரூமிலும் தனியாக ஒரு கடல் வி.எச்.எஃப். செட், ஆன் செய்த நிலையில், சேனல் 16-இல், ஒலியைக் குறைக்காமல் இருக்க வேண்டும். பல லட்சம் செலவாகிற திட்டத்தில் இது சில்லறைக் காசு. எங்கள் திட்டத்தின் முதல் வரைவில் இது இல்லை, ஒரு மீனவர் சங்கத் தலைவர் கூட்டத்தில் எழுந்து, “நாங்க கூப்பிட்டா யாருங்கய்யா கேப்பீங்க?” என்று கேட்ட பிறகுதான் சேர்ந்தது.

கரையோர உதவிக்கு எண்கள் இருக்கின்றன. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, பொதுவாக 112. எல்லாம் போன் எண்கள். போன் சிக்னல் போன இடத்தில்தான் அபாயமும் ஆரம்பிக்கிறது. அதற்காகத்தான் இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. தொடுவானக் கணக்கு அதற்குக் கிடையாது என்பதே பெரிய விஷயம். இருவழிக் குறுஞ்செய்தி போகும், வரும். ஆனால் அது குரல் இல்லை. என்ஜின் நின்று, தண்ணீர் ஏறுகிற படகில் இருப்பவர் பக்கத்துப் படகைக் கூப்பிட வேண்டும். நடுக்கடலில் முதலில் வந்து சேர்வது எப்போதும் பக்கத்துப் படகுதான். ஆகவே டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டது என்று வி.எச்.எஃப். செட்டைக் கழற்றி விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

படகுக்காரர்களிடமும் குறை உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சேனல் 16-இல் பாட்டுப் போடுவது, மீன் விலை பேசுவது, அக்கரைக்காரரோடு வம்பு வளர்ப்பது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று செட்டை ஒரு வாட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுவது. அபாயம் வரும்போது அந்தப் பொத்தானை இருபத்தைந்துக்கு மாற்ற யாருக்கும் நினைவு வராது. உரிமம் இல்லாத மலிவு வாக்கிகளை இணையத்தில் வாங்கி, நடுவில் யாருடைய அலைவரிசை என்றே தெரியாமல் பேசுவது வேறு. அது சட்டப்படியும் குற்றம், அந்த நேரத்தில் ஒரு மீட்புப் பேச்சை அடைத்தால் பாவமும் சேரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பராமரிப்பில் நிற்கும். என்ஜினுக்கும் வலைக்கும் செலவு செய்கிற கையோடு ஆன்டெனாவையும் இறக்கிப் பார்க்கச் சொல்வேன். கனெக்டரைத் திறந்தால் பச்சைப் பொடி உதிர்ந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும், சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பப் போடுகிற வேலையே வேண்டாம். ஆன்டெனாவைச் சுக்கான் பிடிக்கும் அறையின் மேல், மற்ற எல்லாவற்றையும்விட உயரமாகக் கட்ட வேண்டும். விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினால் பாதி திசை செத்துவிடும். செட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், தனி ஃபியூஸ். விளக்குக்குப் போகிற வயரிலிருந்து இழுத்தால் பேச அமுக்கியதும் மின்னழுத்தம் விழுந்து செட் தானே அணைந்துவிடும்.

சாவடிகளுக்கும் இதேபோல ஒரு காலம் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வாடைக்காற்று ஆரம்பிக்கும் முன், செப்டம்பர் கடைசியில். அன்று கரன்ட் மெயினை அணைத்துவிட்டு ரிப்பீட்டரைப் பேட்டரியிலேயே ஒரு ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். சாவடிக்கு ஒருவர் வாக்கியைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கரையில் போய் நின்று, மணிக்கு ஒருமுறை பெயரும் இடமும் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் கேட்டதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாத வரிகள் எந்த ஊருடையவை என்று காலையில் தெரிந்துவிடும், அந்தப் பக்கத்தை அப்படியே அடுத்த வருட மதிப்பீட்டோடு பின் அடித்து மேலே அனுப்பலாம். சில இடங்களில் செய்கிறார்கள். சில இடங்களில் நோட்டு இன்னும் வாங்கவில்லை.